சாவா மூவாப் பேராடு: செல்வர்களின் கொடை பற்றி வாசகர் கேள்விகள்

"பணக்காரர்களால் ஊருக்கு என்ன பயன்?" என்று சென்ற மாதம் ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார். "நிறையப் பயன், சான்றுகளோடு எழுதுகிறோம்" என்று பதில் தந்திருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி நடைமுறைச் சந்தேகம். இரண்டுக்கும் இங்கே பதில் தருகிறோம். வரி தொடர்பாகக் கீழே வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால் அன்று முதல் எண்கள் வேறு. கையெழுத்துப் போடுமுன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒருவன் பணக்காரன் ஆகிறான் என்றால் பத்துப் பேர் வயிற்றில் அடித்திருக்கிறான் என்றுதானே பொருள்? அவர்களுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்?
(ஒரு வாசகர், ஈரோடு)

வயிற்றில் அடித்துச் சேர்த்தவர்கள் உண்டு. கடனை வாங்கி ஏப்பம் விட்டவர்கள், ஆற்றில் சாயத்தண்ணீரைத் திறந்துவிட்டவர்கள், கூலியைப் பிடித்துவைத்தவர்கள் எல்லோருக்கும் சட்டம் இருக்கிறது, அது பாயட்டும். அவர்களுக்காக நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் அவர்களைக் காட்டி, தொழில் நடத்திச் சம்பாதித்த அத்தனை பேரையும் ஒரே கயிற்றில் கட்டுவது நியாயமில்லை.

பணக்காரரின் பணம் பெட்டியில் கட்டுக்கட்டாகத் தூங்குகிறது என்ற எண்ணத்திலிருந்துதான் கோபம் பிறக்கிறது. உங்கள் பக்கத்து ஊரான திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கைக்கு வந்ததும் நூல் வாங்க வேண்டும். பிறகு நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவ்வளவும் முடிந்து சரக்குக் கப்பலேற 10 வாரம் ஆகிறது, அதற்குப் பிறகு வெளிநாட்டு வியாபாரியிடமிருந்து பணம் வர இன்னும் 9 வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளிக்கோ சனிக்கிழமை சாயங்காலம் கூலி கையில் இருக்க வேண்டும். வாரக் கூலி 8 லட்சம் ரூபாய் என்றால், முதல் ரூபாய் உள்ளே வருமுன் 19 சனிக்கிழமைகளில் 1 கோடியே 52 லட்சம் வெளியே போயிருக்கும். நூலும் சாயக் கூலியும் இதில் சேரவில்லை. வங்கி ஒரு பகுதியைக் கடனாகத் தரும், முதலாளியின் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு. கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு அவர் தலையில். ஆர்டர் ரத்தானாலும் அந்த 19 வாரக் கூலியைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்த இடைவெளியைத் தாங்குகிற தோள் ஊரில் நாலைந்து பேருக்காவது இருந்தால்தான் நாலாயிரம் வீட்டில் சனிக்கிழமை அடுப்பு எரியும். அந்தத் தோளுக்குத்தான் நாம் செல்வம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதே இடத்தில் செல்வர்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுத்துவிட வேண்டும். தவறினால் உண்மையில் பணம் கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்று வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் சேர்த்துவிட்டார்கள். பட்டன் தைக்கிற ஜாப் ஒர்க் காரரை நாலு மாதம் அலையவிட்டுவிட்டுக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு லட்சம் எழுதுகிறவரை நாங்கள் கொடையாளி என்று சொல்ல மாட்டோம்.

கேள்வி: கல்லூரியும் ஆஸ்பத்திரியும் அரசாங்கத்தின் கடமை. வரியை ஒழுங்காக வாங்கி அரசே கட்டிவிட்டால் வள்ளல்கள் எதற்கு?
(ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி)

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குவோம். 1947 ஜூலை 3 அன்று சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து காரைக்குடியில் தொடங்குகிறேன் என்றார். ஆகஸ்ட் 11 அன்று, காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. இடையில் 39 நாள்தான். நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள் முன்பே உங்கள் ஊருக்குக் கல்லூரி வந்துவிட்டது.

அடுத்ததாக, புது இந்தியா தேசிய ஆராய்ச்சிக் கூடங்களை எங்கெங்கே அமைப்பது என்று யோசித்த நேரத்தில், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று அழகப்பர் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 பொங்கலன்று அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 'செக்ரி' என்று நீங்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற வளாகம் அது. அந்தப் பணமும் நிலமும் இல்லையென்றால், ரயில் நிலையமும் வெயிலும் தவிர வேறெதுவும் அதிகம் இல்லாத வறண்ட ஊருக்கு அந்த நிலையத்தைக் கொண்டுவந்திருக்க எந்த அதிகாரியாலும் குறிப்பெழுதியிருக்க முடியாது.

அரசால் ஏன் அந்த 39 நாள் வேலையைச் செய்ய முடியாது? சோம்பலால் அல்ல. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பட்ஜெட் ஒதுக்கீடு, டெண்டர், தணிக்கை என்று ஒவ்வொரு படியும் பொதுப் பணத்தைக் காக்க வைத்த பூட்டு. காரைக்குடிக்குக் கொடுத்தால் பரமக்குடிக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்று தெரியாத காரியத்தில் ஏழையின் வரிப்பணத்தைப் போட அரசு தயங்குவது சரியான தயக்கம். அந்த முதல் பணம் தனி மனிதரின் பணமாக இருந்தால், தோற்றாலும் அவரோடு போகும், ஜெயித்தால் ஊருக்கு நிற்கும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதற்கு நல்ல சான்று. சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை 1941 பிப்ரவரியில் அதை 80 படுக்கைகளோடு தொடங்கியபோது, புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை என்பதே இங்கே புதிது. அது நடக்கும் என்று நிரூபணமான பிறகு, 1957இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது, 1962இல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. நம் ஊர்களிலிருந்து ரயிலேறிப் போய் இன்றும் அங்கே வைத்தியம் பார்க்கிறவர்கள் உண்டு. முதலில் கை நீட்டியவர் செல்வர், பிறகு தோள் கொடுத்தது அரசு. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் 1926இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு: 2,01,000 ரூபாய். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒரு சென்ட் நிலத்துக்குக் கோர்ட் ஏறுகிற நாட்டில், தருமத்தையும் ஒரு பங்காளியாக உட்காரவைத்தார்கள். கோவைக்காரர்களுக்கு அதன் கிளைகளை விளக்கத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, அவர் கொடுத்த 20 லட்சத்தோடு 1929இல் பல்கலைக்கழகம் ஆனது. அதே பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி 2013இல் மாநில அரசின் கைக்குப் போனது. தொடங்கிய கொடை மகத்தானது. ஆனால் எந்தக் கொடையும் தானாகவே நீடித்துவிடாது என்பதற்கு அதுவே பாடம். எப்படி நீடிக்கவைப்பது என்பதை இன்னொரு வாசகருக்கான பதிலில் விரிவாகப் பார்ப்போம்.

கேள்வி: வரி கட்டாமல் தப்பிக்கத்தானே டிரஸ்ட் வைக்கிறார்கள்?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பழைய வரி முறையில் 30 சதவீத அடுக்கில் இருப்பவர் ஒரு தருமத்துக்கு 1 லட்சம் கொடுக்கிறார். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு 80ஜி பிரிவில் பாதித் தொகைதான் கழிவு, 50,000. அதன்மேல் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் என்றால் மிச்சமாகும் வரி 15,600 ரூபாய். மீதி 84,400 ரூபாய் அவர் பையிலிருந்து போனதுதான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த 15,600உம் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. 15,600 மிச்சம் பிடிக்க 1 லட்சம் கொடுப்பவரைத் தந்திரசாலி என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஏமாற்று வேலை நடக்கும் இடம் வேறு. தன் பணத்தை டிரஸ்டில் போட்டு, டிரஸ்ட் வாங்கிய காரில் தானே போவது. டிரஸ்ட் கட்டடத்தை மச்சானுக்கு அடிமாட்டு வாடகைக்கு விடுவது. காசோலையாக வாங்கி, கமிஷன் கழித்து ரொக்கமாகத் திருப்பித் தருவது. இதற்கெல்லாம் 13ஆம் பிரிவு இருக்கிறது. நிறுவனருக்கோ உறவினருக்கோ ஆதாயம் போனால் அந்த வருமானத்துக்கு விலக்கு போய்விடும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். யார் கொடுத்தது என்று பதிவில்லாத நன்கொடைக்கு ஒரு வரம்புக்கு மேல் 30 சதவீத வரி. டிரஸ்டைக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொள்ள நினைத்தால், சேர்ந்த சொத்தின் மதிப்புக்கே உச்ச விகிதத்தில் வரி போடுகிறார்கள்.

உங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளையின் மேல் சந்தேகம் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். 80ஜி பதிவு எண் என்ன, எந்த ஆண்டு வரை செல்லும்? மே 31க்குள் கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடைக்கான 10பிஇ சான்றிதழ் தருவீர்களா? கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா? நேர்மையாக நடத்துபவர் மேசையறையைத் திறந்து எடுத்துக் கொடுப்பார்.

செல்வர் கட்டும் வரியையும் சொல்ல வேண்டும். 2 கோடிக்கு மேல் சம்பளமோ தொழில் வருமானமோ உள்ளவருக்குப் புதிய முறையில் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து மேல் அடுக்கில் 39 சதவீதம். பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால லாபத்துக்கோ 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம்தான், அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மேல் 85 சதவீதம் வரை போன எஸ்டேட் டியூட்டி 1985இலேயே எடுக்கப்பட்டது, செல்வ வரியும் (வெல்த் டாக்ஸ்) 2015 பட்ஜெட்டோடு போனது. இந்த விகிதங்கள் கூட வேண்டும் என்று வாதாடுவது உங்கள் உரிமை. சட்டப்படி கட்டுபவரைத் திருடன் என்பது மட்டும் தவறு.

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை இல்லை. பக்கத்தில் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. சி.எஸ்.ஆர். பணம் தருவது கட்டாயமாமே, எப்படிக் கேட்பது?
(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஓசூர் அருகே)

சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு, அதைச் சொல்வது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தால் அந்தக் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். அது முன்னுரிமைதான், உங்கள் பள்ளிக்கென்று உரிமைப் பங்கு இல்லை. ஆகவே மிரட்டும் தொனியில் மனு எழுதாதீர்கள்.

முதலில் கம்பெனியின் இணையதளத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் அங்கே வெளியிட வேண்டும் என்பது விதி. கல்வியும் துப்புரவும் அவர்கள் பட்டியலில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஆண்டுத் திட்டம் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குப் போடப்படுகிறது. அதனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் மனு போய்ச் சேரட்டும். மார்ச் கடைசியில் போனால் மிச்சம் மீதி இருந்தால்தான் கிடைக்கும்.

மனு இரண்டு பக்கம் போதும். பிள்ளைகள் எண்ணிக்கை (ஆண், பெண் தனித்தனியாக), இப்போதுள்ள நிலையின் படம், தலைமையாசிரியரின் கடிதம், நிலம் பள்ளியின் பெயரில் இருப்பதற்கான சான்று, பொறியாளர் போட்ட மதிப்பீடு. பணத்தை உங்கள் குழுவின் கணக்கில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். கம்பெனி தானே கட்டித்தரலாம், அல்லது 12ஏ (வருமான வரி விலக்கு), 80ஜி பதிவோடு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவெண் வாங்கிய, மூன்றாண்டு அனுபவமுள்ள அறக்கட்டளை மூலம் செய்யலாம். கட்டிய சொத்து பள்ளியின், அதாவது அரசின் பேரில்தான் நிற்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். இத்தகைய கழிப்பறைகள் எப்படிச் செத்துப்போகின்றன தெரியுமா? திறப்பு விழாவன்று டைல்ஸ் பளபளக்கும். முதல் மாதம் ஒரு குழாயின் கைப்பிடி கழன்றுவிடும், மாற்றக் காசில்லை. இரண்டாம் மாதம் பெண்கள் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாள் உடையும், பெரிய பெண்கள் அன்றோடு போவதை நிறுத்திவிடுவார்கள். மோட்டார் காயில் கருகும். தொட்டியில் தண்ணீர் இல்லாத நாளில் ஒரே ஒருவர் பயன்படுத்தினால் போதும், மறுநாள் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். நாலாம் மாதம் தலைமையாசிரியர் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொள்வார். கட்டடம் கொடுத்தவர் துடைப்பம் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் மதிப்பீட்டிலேயே துப்புரவுப் பணியாளர் சம்பளம், பினாயில், பிளீச்சிங் பவுடர், குழாய், தாழ்ப்பாள், மோட்டார் பழுது இவற்றுக்கு மூன்று ஆண்டுத் தொகையைத் தனி வரியாகப் போடுங்கள். இதைத் 'தொடர் திட்டம்' என்று வகைப்படுத்த சட்டத்தில் இடமுண்டு. அப்படிச் செய்தால் அந்த ஆண்டு செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். தொடர் திட்டம் இல்லாத மீதியை ஆறு மாதத்துக்குள் சட்டம் குறித்த மத்திய நிதிகளில் ஒன்றுக்குக் கட்டிவிட வேண்டும், பிறகு உங்கள் ஊருக்கு வராது. ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் கேட்டாலும் இதே விதிதான்: ஃபில்டரும் மெம்பிரேனும் மாற்றக் காசு சேர்த்துக் கேளுங்கள்.

கட்சி நிதி, தன் ஊழியருக்கு மட்டுமான வசதி, விளம்பரத்துக்கான ஸ்பான்சர் இவை எதுவும் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. தொகை கிடைக்காவிட்டால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகவும், ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் 'நமக்கு நாமே' வழியாகவும் முயலுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஒரு கோடி ரூபாயை ஏழை மாணவர் படிப்புக்கென்று நிரந்தரமாக வைக்க நினைக்கிறேன். உயிலில் எழுதிவைத்தால் போதுமா?
(ஓய்வுபெற்ற தொழிலதிபர், சேலம்)

போதாது அய்யா. பச்சையப்ப முதலியாரின் உயிலே சாட்சி. துபாஷித் தொழிலில் (ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) பெரும் பொருள் ஈட்டிய அவர், தருமங்களுக்கு எழுதிவைத்துவிட்டு 1794இல் இறந்தார். நிறைவேற்ற வேண்டியவர்கள் கையில் பணம் சிக்கிக்கொண்டது. வழக்கு நீண்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் பாடுபட்டு அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் வழியாகப் பணத்தை மீட்டு, தருமங்களுக்குப் போக எஞ்சியதில் பள்ளி திறந்தது 1842 ஜனவரி 1 அன்று. இடையில் 48 ஆண்டு! பச்சையப்பன் கல்லூரி என்று நாம் இன்று சொல்வது அந்தப் பள்ளி வளர்ந்து 1889இல் ஆனது. உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள், முதல் ஐந்து ஆண்டு நீங்களே பாருங்கள், எங்கே ஓட்டை என்று தெரியும். உயிலில் வேண்டுமானால் அதே டிரஸ்டுக்கு மேற்கொண்டு சேருங்கள்.

நிரந்தரம் என்ற சொல்லை நம் முன்னோர் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சோழர் கால விளக்குக் கல்வெட்டுகளில் பாருங்கள். கோயிலில் ஒரு நொந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடு கொடுப்பார்கள். ஆடுகளை ஏற்ற இடையர், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்தவர் பெயர், ஏற்றவர் பெயர், ஆட்டின் எண்ணிக்கை, நெய்யின் அளவு எல்லாம் கல்லில் இருக்கும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா? சாகும், கிழமாகும். குட்டியால் ஈடு கட்டி 96ஐ 96ஆகவே வைத்திருப்பது ஏற்றவரின் பொறுப்பு. மந்தை குறையாமல் நெய் எடுக்க வேண்டும். நிரந்தர நிதி என்று இன்று ஆடிட்டர்கள் சொல்லும் கார்பஸுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

உங்கள் ஒரு கோடிக்கு வருவோம். 7 சதவீதத்தில் டெபாசிட் போட்டால் ஆண்டுக்கு 7 லட்சம். 85 சதவீத விதிப்படி 5,95,000 செலவிட வேண்டும், 1,05,000 மட்டும் முதலோடு சேரும். ஒரு மாணவருக்கு 25,000 என்றால் முதல் ஆண்டு 23 பேர். கல்விச் செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அது 50,000 ஆகிவிடும். உங்கள் முதல் அப்போது ஏறக்குறைய 1 கோடியே 13 லட்சம்தான் ஆகியிருக்கும். செலவிடக் கிடைப்பது சுமார் 6,74,000. மாணவர் 13 பேர். பாஸ் புத்தகத்தில் தொகை கூடியிருக்கும், மந்தையோ பாதிக்குப் பக்கமாய்க் குறைந்திருக்கும். எத்தனையோ பழைய 'நினைவுப் பரிசு'கள் இன்று இருநூறு ரூபாய்ப் பரிசாகச் சுருங்கிக் கிடப்பதற்கு இதுதான் காரணம், நிர்வாகிகளின் திருட்டு எப்போதும் அல்ல.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, பணத்தில் ஒரு பகுதியை 11(5) பிரிவு அனுமதிக்கும் மியூச்சுவல் ஃபண்டில் வளர்ச்சித் திட்டத்தில் போடுவது. விற்காதவரை அதன் ஏற்றம் வருமானமாகாது. விற்று மறுபடி முதலீட்டிலேயே போட்டால் அந்த லாபம் நோக்கத்துக்குச் செலவானதாகவே கொள்ளப்படும். கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்கி டிரஸ்டில் வைக்கச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. நீங்கள் டிரஸ்டுக்குக் கொடுக்கும்போதே 'இது கார்பஸ் நிதி' என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகக் கொடுத்தால் அது அந்த ஆண்டு வருமானமாகி, 85 சதவீதத்தை உடனே செலவிட வேண்டிவரும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

இரண்டாம் வழி, நிரந்தரமே வேண்டாம் என்று முடிவுசெய்வது. அமெரிக்க வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு நிரந்தர நிதிகளை எதிர்த்தவர். அந்நாட்டுத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு 1932க்குள் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவினார். ஊராரும் பங்கு போட வேண்டும் என்பது நிபந்தனை. ஏழைகளான அந்தக் கறுப்பின மக்கள் திரட்டியது அவர் கொடுத்ததற்குக் குறைவில்லை. அவருடைய நிதி முழுதும் செலவழிந்து 1948இல் முடிந்தது. உங்கள் ஒரு கோடியை 15 ஆண்டில் வட்டியும் முதலுமாய்ச் செலவிட்டால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 லட்சம் கிடைக்கும். எங்கள் கருத்தில், நம்பிக்கையான அடுத்த தலைமுறை நிர்வாகி இல்லாதவருக்கு இதுவே நல்லது.

எப்படியானாலும் பத்திரத்தில் சில ஷரத்துகள் வேண்டும். அறங்காவலர் ஐந்து பேர், குடும்பத்தார் இருவருக்கு மேல் வேண்டாம். பதவிக்காலம் நான்கு ஆண்டு. மூன்று பேர் இருந்தால்தான் தீர்மானம். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, ஒன்று குடும்பத்துக்கு வெளியே. நோக்கத்தை அகலமாக எழுதுங்கள்: "இன்ன சாதி, இன்ன ஊர், இன்ன பாடம்" என்று இறுக்கினால் ஒருநாள் ஆளே கிடைக்காது. பச்சையப்பன் கல்லூரிகூட 1947 வரை இந்து மாணவருக்கு மட்டுமே என்றிருந்தது. நோக்கம் காலாவதியானால் அதற்கு மிக நெருங்கிய நோக்கத்துக்குச் செலவிடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சார்பதிவாளரிடம் பதிவு, பிறகு பான் எண், வங்கிக் கணக்கு, வரி விலக்குக்காக 10ஏ படிவத்தில் தற்காலிகப் பதிவு என்று வரிசை. தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுக்குத்தான். பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் 10ஏபி படிவத்தில் முறையான பதிவு கேட்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு விலக்கு இழந்த சிறு டிரஸ்ட்கள் நிறைய.

கேள்வி: ஃபேன் கொடுத்தாலும் இறக்கையில் பெயர் எழுதுகிறார்களே, இது தருமமா விளம்பரமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

எழுதட்டும் அம்மா. பெயர் இருந்தால் பழுதானபோது யாரிடம் போவது என்று தெரியும். கல்வெட்டில் பெயர் வெட்டியதால்தான் அந்த 96 ஆட்டின் கணக்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. பெயரோடு தொகையும் தேதியும் பராமரிப்பவர் யார் என்பதும் எழுதவேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ஆண்ட்ரூ கார்னகி பெயரில் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. கட்டடத்துக்குப் பணம் கொடுக்குமுன் ஊராட்சி இடம் தர வேண்டும், கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். 10,000 டாலர் கட்டடம் வேண்டுமானால் ஊர் வருடம் 1,000 டாலர் ஒதுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பெயர்ப்பலகைக்கு நாம் மரியாதை செய்யலாம்.

கேள்வி: நாங்கள் மளிகை மொத்த வியாபாரிகள் 30 பேர். கோடீஸ்வரர்கள் இல்லை. அந்தக் காலத்து 'மகமை' போல ஏதாவது செய்ய முடியுமா?
(வியாபாரிகள் சங்கச் செயலாளர், விருதுநகர் மாவட்டம்)

உங்கள் மண்ணில் பிறந்த பழக்கம்தானே. வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொதுவில் சேர்த்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அந்தப் பிடி அரிசியால் நின்ற பள்ளி. நகரத்தார் பேரேட்டிலும் லாபத்தில் ஒரு பங்கு தருமக் கணக்கில் தனியே ஏறும். இதன் சூட்சுமம், லாபம் கையில் வந்து செலவாகுமுன், மனம் மாறுமுன், பணம் ஒதுங்கிவிடுகிறது என்பதுதான்.

இன்று செய்வதானால் பில்லில் மகமை என்று வாடிக்கையாளரிடம் வசூலிக்காதீர்கள், ஜி.எஸ்.டி. மதிப்பில் சேருமா என்ற தகராறு வரும். உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள். ஆளுக்கு மாதம் 2,000 என்று வைத்து, ஒவ்வொருவரும் வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிட்டால், 5ஆம் தேதி தானாகவே சங்கத்தின் அறக்கட்டளைக் கணக்குக்குப் போய்விடும். 30 பேர், மாதம் 60,000, ஆண்டுக்கு 7,20,000. சங்கக் கணக்கும் தருமக் கணக்கும் ஒன்றாகவே கூடாது. சங்கக் கட்டட வாடகை, தீபாவளி ஸ்வீட், தேர்தல் செலவு எதுவும் அந்தக் கணக்கைத் தொடக்கூடாது. சங்கத் தலைவரே டிரஸ்ட் தலைவராக இருக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதுங்கள், சங்கத் தேர்தலில் அணி பிரியும்போது முதலில் அடிவாங்குவது தருமக் கணக்குதான்.

முதல் ஆண்டு முழுத் தொகைக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேர் வியாபாரம் மந்தமாகி நிறுத்துவார்கள், அது குற்றமில்லை. 5 லட்சத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போகும் பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் நீங்கலாக ஆகும் செலவு, டிராஃப்டர், புத்தகம், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம் என்று ஒரே விஷயத்தை எடுத்து அதையே மூன்று ஆண்டு செய்யுங்கள். பிள்ளையின் கையில் ரொக்கம் தராமல் கல்லூரிக் கணக்குக்கே கட்டுங்கள், ரசீதைக் கோப்பில் போடுங்கள். சேர்க்கை ஜூன், ஜூலையில் நடப்பதால் மே மாதமே பட்டியல் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய நவம்பரிலேயே முதல் தவணை பிடிக்கத் தொடங்குங்கள்.